தசமத்தை ஒரே தாவலில் முழுமையாக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு நெருங்கும்போது நாளிதழ்களின் மாணவர் பகுதிகளில் கணக்குக் குறிப்புகள் வரத் தொடங்கிவிடும். தசம எண்களை முழுமையாக்குவதற்கு, அதாவது கேட்ட இடம்வரை மட்டும் வைத்து அருகிலுள்ள எண்ணாக மாற்றுவதற்கு, அவற்றில் வழக்கமாக ஒரே ஒரு வரிதான் இருக்கும்: "அடுத்த இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்று கூட்டு, இல்லாவிட்டால் விட்டுவிடு." வரி சரிதான். ஆனால் எந்த இலக்கத்துக்கு அடுத்தது என்றோ, இதை எத்தனை முறை செய்வது என்றோ, விட்ட பிறகு விடையை எப்படி எழுதுவது என்றோ அது சொல்வதில்லை. பிள்ளைகள் தவறுவது அங்கேதான். அந்த வரியை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவரிடம் 6.4446 என்ற எண்ணைக் கொடுத்து அருகிலுள்ள முழு எண்ணைக் கேட்டால், 7 என்று சொல்லக்கூடும். சரியான விடை 6. இது எப்படி நேர்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இடத்தின் பெயர். தமிழில் இதற்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. புள்ளிக்கு இடப்பக்கம் ஒன்றுகள், பத்துகள், நூறுகள். வலப்பக்கம் பத்தில் ஒன்றுகள், நூறில் ஒன்றுகள், ஆயிரத்தில் ஒன்றுகள். பேசும்போது இரண்டு பக்கத்தையும் "பத்தாம் இடம்", "நூறாம் இடம்" என்று சுருக்கிவிடுகிறோம். 482.67 என்ற எண்ணைப் பத்துகள் இடத்துக்கு முழுமையாக்கினால் 480. பத்தில் ஒன்றாம் இடத்துக்கு என்றால் 482.7. பயிற்சித்தாளில் "பத்தாம் இடத்துக்கு" என்று மொட்டையாகக் கேட்டுவிட்டு, ஒரு விடைக்கு மட்டும் மதிப்பெண் போடுவது நியாயமல்ல. "இல் ஒன்று" என்ற துண்டை விழுங்காமல் சொல்லிப் பழக்க வேண்டும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் "முதலாம் தசமதானம், இரண்டாம் தசமதானம்" என்று எண்ணிச் சொல்லும் வழக்கம் உண்டு. அதில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. முழுமையாக்கலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "மட்டந்தட்டல்". நம் காதுக்கு அது யாரையோ இளக்காரம் செய்வதுபோலக் கேட்கும். கொத்தனார் பூச்சை மட்டப்பலகையால் இழுத்துச் சமன்செய்வதை நினைத்துக்கொண்டால், செய்யும் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

இன்னொன்று, புள்ளிக்கு வலப்பக்கம் முதல் இடமே பத்தில் ஒன்று. இடப்பக்கம் "ஒன்றுகள்" இருப்பதால் வலப்பக்கமும் அப்படி ஒன்று இருக்கும் என்று பிள்ளைகள் எதிர்பார்க்கிறார்கள். கண்ணாடியில் தெரிவதுபோல இரண்டு பக்கமும் ஒத்திருப்பது உண்மை. ஆனால் கண்ணாடி நிற்பது புள்ளியில் அல்ல, ஒன்றுகள் இடத்தில். அதன் இருபுறமும் பத்தும் பத்தில் ஒன்றும், அடுத்து நூறும் நூறில் ஒன்றும் இணையாக நிற்கின்றன. இதைக் கரும்பலகையில் ஒருமுறை வரைந்து காட்டினால் போதும்.

வாசிப்பதிலும் கவனம் வேண்டும். 18.637 என்பதைப் "பதினெட்டு புள்ளி ஆறு மூன்று ஏழு" என்றுதான் வாசிக்க வேண்டும். "புள்ளி அறுநூற்று முப்பத்தேழு" என்று வாசிக்கும் பிள்ளைக்கு 0.8ஐவிட 0.637 பெரியதாகத் தோன்றும். எட்டைவிட 637 பெரியதுதானே. எது பெரிது என்பதிலேயே சறுக்கும் பிள்ளையால், எது அருகில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பணத்தை வைத்துச் சரிசெய்யலாம்: ரூ.18.6 என்றால் 18 ரூபாய் 60 காசு, 6 காசு அல்ல.

முழுமையாக்கல் என்பது உண்மையில் ஒரே ஒரு கேள்வி: இந்த எண் எந்தப் பக்கத்து வீட்டுக்கு அருகில் இருக்கிறது? 18.637ஐ நூறில் ஒன்றாம் இடத்துக்கு முழுமையாக்க வேண்டுமானால், இரு பக்கத்து வீடுகள் 18.63, 18.64. நடுப்புள்ளி 18.635. நம் எண் நடுவைத் தாண்டிவிட்டது, விடை 18.64. அதே எண்ணைப் பத்தில் ஒன்றாம் இடத்துக்குக் கேட்டால் வீடுகள் 18.6, 18.7, நடு 18.65. நம் எண் நடுவை எட்டவில்லை, விடை 18.6. முழு எண்ணுக்குக் கேட்டால் 18க்கும் 19க்கும் நடுவான 18.5ஐத் தாண்டிவிட்டது, விடை 19. ஒரே எண் ஓரிடத்தில் ஏறுகிறது, அடுத்த இடத்தில் இறங்குகிறது, அதற்கடுத்த இடத்தில் மறுபடி ஏறுகிறது. ஒவ்வொரு தடவையும் நாம் பார்த்தது 18.637ஐத்தான், முந்தைய விடையை அல்ல. எண்கோட்டில் இப்படி ஒரு வாரம் பழகிய பிறகு சுருக்கவழிக்குப் போகலாம்.

சுருக்கவழி இது. கேட்ட இடத்து இலக்கத்தின் அடியில் ஒரு கோடு. அந்த இலக்கத்துக்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் நிமிர்ந்த ஒரு கோடு. அதைச் சுவர் என்று சொல்லிக்கொள்ளலாம். சுவருக்கு அப்பால் முதலில் நிற்கும் ஓர் இலக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும். 0, 1, 2, 3, 4 என்றால் கோடிட்ட இலக்கம் அப்படியே இருக்கும். 5 முதல் 9 வரை என்றால் அதில் ஒன்று கூடும். சுவருக்கு அப்பால் இருப்பவை, புள்ளிக்கு வலப்பக்கம் என்றால் அழிந்துபோகும். இடப்பக்கம் என்றால் சுழியமாக மாறும். ஓர் இலக்கத்தை மட்டும் பார்த்தால் எப்படிப் போதும் என்று கேட்கும் பிள்ளைக்கும் விடை உண்டு. அங்கே 4 நின்றால், அதற்குப் பின்னால் 999999 என்றே வந்தாலும் 0.4999999 பாதியை எட்டாது. 5 நின்றால், பின்னால் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பாதிக்கு வந்தாயிற்று.

இதில் வரும் பிழைகள் குறிப்பிட்ட சில வகைக்குள் அடங்கிவிடும். "விட்டுவிடு" என்பதைக் "குறை" என்று எடுத்துக்கொண்டு 18.637ஐப் பத்தில் ஒன்றாம் இடத்துக்கு 18.5 என்று எழுதுவது ஒன்று. "மேலே முழுமையாக்கு, கீழே முழுமையாக்கு" என்று சொல்லிக்கொடுப்பதால் வரும் வினை இது. மேலே என்றால் ஒன்று கூடுகிறது, ஆகவே கீழே என்றால் ஒன்று குறையும் என்று பிள்ளை நினைப்பதில் தப்பில்லை. சொன்ன விதம்தான் தப்பு. "அப்படியே நிற்கும்" என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

482.67ஐப் பத்துகள் இடத்துக்கு முழுமையாக்கச் சொன்னால் 48 என்று எழுதுவது இன்னொன்று. அழிப்பதும் சுழியமாக்குவதும் வேறு வேறு என்பது அங்கே பிடிபடவில்லை. நானூற்று எண்பத்திரண்டு ரூபாய் எப்படி நாற்பத்தெட்டு ரூபாயாகும் என்று கேட்டால் பிள்ளையே சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளும்.

9 வரும் இடம்தான் எல்லாவற்றிலும் கடினம். 4.997ஐ நூறில் ஒன்றாம் இடத்துக்கு முழுமையாக்கும்போது கோடிட்ட 9இல் ஒன்று கூட்ட வேண்டும். பிள்ளை 4.910 என்று எழுதும். ஒன்பதோடு ஒன்று கூடினால் பத்து, அந்த இடத்தில் 0, மிகுதி ஒன்று அடுத்த இடத்துக்கு, அங்கேயும் 9, மறுபடி 0, மிகுதி ஒன்றுகள் இடத்துக்கு, விடை 5.00. இங்கே குழந்தைகளை 4.99 + 0.01 என்று தாளில் கீழ்க்கீழாக எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். முழுமையாக்கல் என்ற பெயரே வேண்டாம். அது பழைய கூட்டல் கணக்கு, பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தது.

சரியாக 5.00க்கு வந்த பிறகும் "கடைசிச் சுழியத்துக்கு மதிப்பில்லை" என்று 5 ஆகச் சுருக்கிவிடுவார்கள். மதிப்பில்லைதான், ஆனால் அதில் ஒரு செய்தி இருக்கிறது. 5.00 என்று எழுதினால் உண்மையான அளவு 4.995க்கும் 5.005க்கும் இடையில் இருக்கிறது என்று பொருள். 5 என்று மட்டும் எழுதினால் 4.5க்கும் 5.5க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். முதலாவது இடைவெளியைவிட இரண்டாவது நூறு மடங்கு அகலம். நகைக்கடைத் தராசு 8.000 என்று மூன்று இலக்கம் காட்டுவது அழகுக்காக அல்ல. கிராம் 10,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், 7.996 கிராமை 8.00 என்று இரண்டு இலக்கத்தில் எழுதுவது 40 ரூபாய் வித்தியாசம். மறுபக்கம், 18.637ஐ நூறில் ஒன்றாம் இடத்துக்கு முழுமையாக்கிவிட்டு 18.640 என்று எழுதுவதும் தவறு. அளக்காத ஆயிரத்தில் ஒன்றை அளந்ததாகச் சொல்வது அது.

இப்போது 6.4446க்கு வருகிறேன். எல்லாவற்றிலும் மோசமான பழக்கம், கடைசி இலக்கத்திலிருந்து படிப்படியாக ஏறிவருவது. 6.4446இல் கடைசி 6, ஐந்துக்கு மேல், ஆகவே 6.445. இப்போது கடைசி 5, ஆகவே 6.45. மறுபடி 5, ஆகவே 6.5. மறுபடி 5, ஆகவே 7. ஒவ்வொரு படியும் விதிப்படி சரி. ஆனால் 6.4446இலிருந்து 7க்கு உள்ள தூரம் 0.5554, 6க்கு உள்ள தூரம் 0.4446. அருகில் இருப்பது 6தான். முதல் படியில் எண் 0.0004 நகர்ந்தது, அடுத்ததில் 0.005, அடுத்ததில் 0.05. எல்லா நகர்வும் ஒரே திசையில் சேர்ந்து எண்ணை நடுக்கோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டன. கடைசிப் படியில் நாம் முழுமையாக்கியது 6.4446ஐ அல்ல, நாமே உண்டாக்கிய 6.5ஐ. எனவே, எந்த இடத்துக்குக் கேட்டாலும் மூல எண்ணிலிருந்து ஒரே தாவல். இடையில் இறங்கி ஏறக் கூடாது.

இதை வாத்தியார்கள் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். எண்மதிப்புகளை முழுமையாக்குவதற்கென்றே இந்தியத் தரநிலை ஒன்று இருக்கிறது. அதன் வரிசை எண் 2. சிமென்ட், கம்பி என எந்தப் பொருளுக்கான தரநிலையானாலும், சோதனை முடிவை அந்த விதிப்படிதான் முழுமையாக்கி ஒப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கும். கிடைத்திருக்கும் மிகத் துல்லியமான மதிப்பிலிருந்து ஒரே படியில் முழுமையாக்க வேண்டும், தொடர்ச்சியாகப் பலமுறை கூடாது என்பதை அது வெளிப்படையாகவே சொல்கிறது.

2026 மார்ச் வரை நடப்பிலிருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 288ஏ பிரிவும் இதற்கு நல்ல பாடம். மொத்த வருமானத்தைப் பத்து ரூபாயின் மடங்குக்கு முழுமையாக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் முதலில் காசை அப்படியே விட்டுவிடச் சொன்னது. ரூ.4,56,784.95 என்று வைத்துக்கொள்வோம். காசை விட்டால் 4,56,784, கடைசி இலக்கம் 4, எனவே 4,56,780. "95 காசு ஆயிற்றே" என்று முதலில் ரூபாய்க்கு முழுமையாக்கினால் 4,56,785; பிறகு பத்துக்கு முழுமையாக்கினால் 4,56,790. பத்து ரூபாய் கூடிவிட்டது. காசை விட்டதால் விடை கெடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். ஏறுவதா நிற்பதா என்பதை ஒன்றுகள் இடத்து இலக்கம் மட்டுமே முடிவு செய்கிறது, 784.00 ஆனாலும் 784.99 ஆனாலும் 780தான். சட்டம் எழுதியவர்களுக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது.

ஒரே தாவல் என்பதற்கு இன்னொரு முகம் உண்டு: நடுவில் முழுமையாக்காதே, கடைசியில் மட்டும் செய். ஆரம் 70 செ.மீ. உள்ள வட்டத்தின் பரப்பை ஒரு தசம இடத் திருத்தமாகக் கேட்டால், πக்கு 3.14 போட்டு 15386.0 என்று எழுதுகிறோம். 22/7 போட்டால் 15400.0. உண்மை மதிப்பு 15393.8. இரண்டு விடையிலும் புள்ளிக்குப் பின் இருக்கும் இலக்கம் வெறும் அலங்காரம். புள்ளிக்கு முன்னாலேயே விடை தவறிவிட்டது: முதலாவது 7.8 குறைவு, இரண்டாவது 6.2 கூடுதல். 3.14 என்ற மூன்று இலக்கத்தை வைத்துக்கொண்டு ஆறு இலக்க விடைக்கு உறுதி கொடுக்க முடியாது. (22/7 = 3.142857..., π = 3.141592... நூறில் ஒன்றாம் இடம்வரை இரண்டும் 3.14, ஆயிரத்தில் ஒன்றாம் இடத்தில் 3.143, 3.142 என்று பிரிந்துவிடும். வகுப்பில் கொடுக்க நல்ல பயிற்சி.)

ஓட்டல் பில்லிலும் இதைப் பார்க்கலாம். 47 ரூபாய் விலையில் நான்கு பொருள். மத்திய வரி 2.5 விழுக்காடு, மாநில வரி 2.5 விழுக்காடு. மொத்தம் 188 ரூபாய்க்கு வரி 4.70 + 4.70, ஆக 197.40. கீழே "ரவுண்ட் ஆஃப் -0.40" என்று ஒரு வரி போட்டு 197 வாங்குவார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக 1.175ஐ 1.18 ஆக்கிக் கூட்டினால் 197.44, ரூபாய்க்கு வரும்போது அதுவும் 197தான். ஆனால் ஒவ்வொரு பொருளையும் வரியோடு சேர்த்து 49.35 என்று கண்டு, அதை 49 ஆக்கி, நான்கால் பெருக்கினால் 196. ஒரு ரூபாய் காணாமல் போய்விட்டது. எந்தக் கட்டத்தில் முழுமையாக்குகிறோம் என்பதுதான் வித்தியாசம். வரித்தொகையை அருகிலுள்ள ரூபாய்க்கு, 50 காசும் அதற்கு மேலும் ஒரு ரூபாயாக, அதற்குக் கீழே விட்டுவிட்டு முழுமையாக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் 170ஆம் பிரிவில் சொல்கிறது. 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் மாத இறுதியோடு செல்லாமல் போய்விட்டன. ஆகவே கையில் கொடுக்கும் பணத்துக்கு முழுமையாக்கல் தவிர வேறு வழியில்லை.

அடுத்து, சரிபாதி. பத்தாம் வகுப்புவரை படித்தது: 5 என்றால் ஏற்று. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் திடீரென்று வேறு விதி வருகிறது: விடப்போவது 5 மட்டும் என்றால், முந்தைய இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்று கூட்டு, இரட்டைப்படையாக இருந்தால் அப்படியே விடு. 2.735 என்பது 2.74, 2.745 என்பதும் 2.74. மேலே சொன்ன இந்தியத் தரநிலையும் இதைத்தான் சொல்கிறது. இரண்டு விதியும் ஏன் இருக்கின்றன என்று சொல்லாமல் விடுவதால், இயற்பியல் மாணவர் குழம்புகிறார். கணக்கில் கொண்டுபோய் இதைப் போட்டு மதிப்பெண்ணையும் இழக்கிறார்.

காரணம் எளிது. சரிபாதி இரண்டு வீட்டுக்கும் சம தூரம். எந்தப் பக்கம் போனாலும் தப்பில்லை. எப்போதும் மேலேயே போனால் கூட்டுத்தொகை வீங்கும். 0.5, 1.5, 2.5, 3.5 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 8. எல்லாவற்றையும் மேலே ஏற்றினால் 1 + 2 + 3 + 4 = 10. இரட்டைப்படை விதிப்படி 0 + 2 + 2 + 4 = 8. ஆயிரக்கணக்கான அளவீடுகளைக் கூட்டும் ஆய்வுக்கூடத்துக்கு இரண்டாவது வேண்டும். கடையில் ஒரு பில் போட முதலாவது போதும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த விதி 5க்குப் பின்னால் எதுவுமே இல்லாதபோது, அல்லது வெறும் சுழியங்களே இருக்கும்போது மட்டும். 2.7451இல் 5க்குப் பின்னால் 1 இருக்கிறது, பாதியைத் தாண்டிவிட்டது, 2.75தான். இயற்பியல் விடைத்தாள்களில் அதிகம் தவறுவது இதில்.

நம் பழைய பின்னங்கள் இதற்குக் கைகொடுக்கும். அரைக்கால் என்பது 0.125. இரண்டு இலக்கத்துக்குக் கொண்டுவந்தால் சரிபாதியில் நிற்கிறது: பள்ளி விதிப்படி 0.13, இரட்டைப்படை விதிப்படி 0.12. காலே அரைக்கால் 0.375, இரண்டு விதியிலும் 0.38. அரையே அரைக்கால் 0.625, 0.63, 0.62 என்று மறுபடி பிரிகிறது. முக்காலே அரைக்கால் 0.875, இரண்டிலும் 0.88. "முக்காலே மூணு வீசம்" என்று வாய்வழக்கில் சொல்கிறோமே, அது 15/16, அதாவது 0.9375. நூறில் ஒன்றாம் இடத்துக்கு 0.94, பத்தில் ஒன்றாம் இடத்துக்கு 0.9, முழு எண்ணுக்கு 1. ஏறக்குறைய முழுவதும் என்ற பொருளில் அதைச் சொல்லிவந்தவர்கள் சரியாகவே முழுமையாக்கியிருக்கிறார்கள்.

விடையைக் கணினியில் சரிபார்க்கும் மாணவருக்கும் ஒரு வார்த்தை. எக்செலின் ரவுண்ட் கட்டளை 0.125ஐ 0.13 என்று தரும், பைத்தான் என்ற நிரல்மொழி 0.12 என்று தரும். இரண்டும் பழுதல்ல; முன்னது பள்ளி விதி, பின்னது இரட்டைப்படை விதி. ஆனால் பைத்தானிடம் 2.675ஐக் கொடுத்தால் 2.67 என்று வரும்; அங்கே இரட்டைப்படை விதியும் பொருந்தவில்லையே என்று திகைக்க வேண்டாம். 2.675 என்பதைக் கணினியின் இரும எண்முறையில் துல்லியமாக எழுத முடியாது. உள்ளே இருப்பது அதைவிட மயிரிழை குறைவான எண். அதற்கு 2.67தான் அருகில். எக்செலில் வேறொரு வலை இருக்கிறது: கட்டத்தில் தெரியும் இலக்கங்களைக் குறைப்பது முழுமையாக்கல் ஆகாது. மூன்று கட்டங்களில் 33.33 என்று தெரிந்து, கீழே கூட்டுத்தொகை 100.00 என்று வந்தால், உள்ளே 33.333... அப்படியே இருக்கிறது என்று பொருள்.

முழுமையாக்காமல் வெட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு, கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தை. 1982 ஜனவரியில் 1000.000 என்று ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கினார்கள். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை அது திருத்திக் கணக்கிடப்பட்டது. ஒவ்வொரு முறையும் மூன்று தசம இடத்துக்கு அப்பால் இருந்ததை முழுமையாக்காமல் வெட்டினார்கள். வெட்டினால் எண் எப்போதும் கீழேதான் போகும். மேலே போய் ஈடுகட்ட வழியில்லை. 1983 நவம்பரில் குறியீட்டெண் 524.811இல் நின்றது. சரியாகக் கணக்கிட்டபோது வந்தது 1098.892.

எல்லைக்கோடு உள்ள இடங்களில் முழுமையாக்கிய எண்ணை ஒப்பிடவே கூடாது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலத்தில் 1992 ஏப்ரல் 5 அன்று நடந்த தேர்தலில், பசுமைக் கட்சி 5.0 விழுக்காடு பெற்றதாகக் கணினித் தாளில் வந்தது. சட்டமன்றத்தில் இடம்பெற 5 விழுக்காடு வேண்டும். உண்மையில் அது 4.97. அச்சிடும் நிரல் ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கிக் காட்டியிருந்தது. திருத்தியபோது அந்தக் கட்சிக்கு இடமே இல்லாமல் போய், இன்னொரு கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்தது. நம் உச்ச நீதிமன்றமும் 2011இல் ஒடிசா நீதித்துறைப் பணித் தேர்வு வழக்கில் இதே போன்ற கேள்வியைப் பார்த்தது. வேண்டியது 45 விழுக்காடு. தேர்வர் பெற்றது 44.93. விதியில் இடம் கொடுக்காதபோது அதை 45 ஆக முழுமையாக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. "புள்ளி சுழியம் ஏழுதானே குறைகிறது" என்று நினைக்கும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

புள்ளி வைத்ததெல்லாம் தசமம் அல்ல என்பதும் இதோடு சேர்ந்தது. கிரிக்கெட்டில் 19.4 ஓவர் என்றால் 19 ஓவரும் 4 பந்தும். 157 ஓட்டங்களை 19.4ஆல் வகுத்து ரன் ரேட் 8.09 என்று சொல்லும் பையன்கள் உண்டு. 118 பந்து, அதாவது 19.667 ஓவர், சரியான விடை 7.98. 2.30 மணியும் அப்படித்தான். இரண்டரை மணி நேரத்தைத் தசமத்தில் எழுதினால் 2.5. இவற்றை முதலில் தசமமாக மாற்றாமல் முழுமையாக்கப் போகக் கூடாது.

சில கணக்குகளில் அருகிலுள்ள எண்ணே வேண்டாம். 130 மாணவர்களை ஏற்றிச்செல்ல 40 பேர் பேருந்து எத்தனை வேண்டும்? 3.25 வருகிறது, விடை 4. விதிப்படி 3 என்று எழுதினால் பத்துப் பேர் நடந்துதான் போக வேண்டும்.

நாளிதழ்களிடமும் ஒரு வேண்டுகோள். 45.6, 32.7, 21.7 என்ற விழுக்காடுகளைக் கூட்டினால் 100. அவற்றை முழு எண்ணாக்கிப் போட்டால் 46, 33, 22, கூட்டுத்தொகை 101. கூட்டிப் பார்த்த யாரோ ஏதாவது ஓர் எண்ணில் ஒன்றைக் குறைத்து 100 ஆக்கிவிடும் வழக்கம் வேண்டாம். எண்களை அப்படியே போட்டு, "முழுமையாக்கியதால் கூட்டுத்தொகை 100 ஆகவில்லை" என்று அடியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

பிள்ளைக்கு இது விளங்கியிருக்கிறதா என்று வீட்டில் பார்க்க விரும்புபவர்களுக்கு ஆறு கணக்கு தருகிறேன். விடை தவறினால் எங்கே தவறியது என்பதையும் அதுவே காட்டிவிடும். 12.4449ஐ முழு எண்ணுக்கு: 12. பிள்ளை 13 என்றால் கடைசியிலிருந்து ஏறிவருகிறது. 64.813ஐப் பத்தில் ஒன்றாம் இடத்துக்கு: 64.8. 64.7 என்றால் "விடு" என்பதைக் "குறை" என்று புரிந்துவைத்திருக்கிறது. 735.28ஐப் பத்துகள் இடத்துக்கு: 740. 74 என்றால் சுழியம் போடத் தெரியவில்லை, 735.3 என்றால் இடத்தின் பெயர் குழம்பியிருக்கிறது. 29.97ஐப் பத்தில் ஒன்றாம் இடத்துக்கு: 30.0. 29.10 என்றால் மிகுதி கொண்டுபோகத் தெரியவில்லை; 30 என்று நிறுத்தினால் கடைசிச் சுழியத்தின் பொருள் தெரியவில்லை. 7.5ஐ நூறில் ஒன்றாம் இடத்துக்கு: 7.50. "ஐந்து இருக்கிறதே" என்று 8 ஆக்கினால், எந்த இடம் என்று பார்க்காமலே விதியைப் போடுகிறது. 0.052ஐப் பத்தில் ஒன்றாம் இடத்துக்கு: 0.1. இங்கே 0.5 என்று எழுதும் பிள்ளைக்குப் புள்ளிக்குப் பின் வரும் சுழியமும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது தெரியவில்லை. அதற்கு முழுமையாக்கல் பாடத்தை நிறுத்திவிட்டு, இடமதிப்பு அட்டவணையை மறுபடி எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணிதப் பட்டதாரி ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.